நாகசுர வீட்டுப் பிள்ளையும் பாரீஸ் குழலும்!

எங்கள் போடிநாயக்கனூரில் கல்யாணம் பேசி முடித்ததும் ஏலக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிப்பார்கள். ஏலத்தில் காய் நல்ல விலைக்குப் போனால் மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டை மேளம், மேடையில் லைட் மியூசிக் என்று எல்லாம் வரும். விலை விழுந்துவிட்டால் வெறும் மேளம், நாகசுரம்தான். அதனால் எங்கள் ஊர் நாகசுரக்காரர்களுக்கு ஒரு விநோதமான நிலைமை. ஊருக்குக் காசு வந்தால் அவர்களுக்கு வேலை குறையும்.

என் பெரியப்பா நாகசுரக்காரர். நாற்பது வருடம் வாசித்தவர். தேவாரம், கோம்பை, சிலமலை என்று சுற்றுப்பட்டு ஊர்க் கோயில்களில் எல்லாம் அவர் குழல் ஒலித்திருக்கிறது. அவருடைய ஒரே மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், வாசிப்பது சாக்ஸபோன். அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இருபத்தைந்து வருடம் ஓடிய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டுமானால், கத்ரி கோபால்நாத்தின் கதையைச் சொல்லாமல் முடியாது. அவரும் நாகசுர வீட்டுப் பிள்ளைதான்.

தியேட்டரில் ஆரம்பித்த வம்பு

1994. கே.பாலசந்தர் இயக்கிய 'டூயட்' வந்த வருடம். படத்தில் பிரபு சாக்ஸபோன் கலைஞர். உடம்பு பருமனாக இருக்கிறோமே என்று கூச்சப்படும் அண்ணன், மனதில் இருப்பதையெல்லாம் குழலில் கொட்டித் தீர்ப்பார். அதே பெண்ணைத் தம்பியும் விரும்புவார். ஏ.ஆர்.ரஹ்மான் இசை. பாட்டு எழுதிய வைரமுத்து எங்கள் பக்கத்து வடுகபட்டிக்காரர் என்பதால், எங்கள் பக்கம் அந்தப் படத்துக்குக் கூடுதல் சொந்தம் உண்டு.

அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. மூன்று முறை படம் பார்த்துவிட்டு வந்து பெரியப்பா முன்னால் நின்றான்.

"அப்பா, நான் சாக்ஸபோன் கத்துக்கிறேன்ப்பா."

பெரியப்பா சீவாளியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "அது பேண்டு செட்டுக்காரன் வாத்தியம்டா. நம்ம வீட்டுல ஆச்சாமரம் இருக்கு. பித்தளை எதுக்கு?"

"படத்துல வாசிச்சவரும் நாகசுரக்காரர் மகன்தாம்ப்பா."

அதற்குத்தான் பெரியப்பா நிமிர்ந்தார். "அப்போ அவங்கப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு நெனச்சுப் பார்த்தியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அண்ணன் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பெரியம்மாதான் பாவம், இரண்டு பக்கமும் நடந்து நடந்து ஓய்ந்துபோனார்.

யார் இந்த கோபால்நாத்?

கர்னாடகத்தில் தென் கன்னட மாவட்டம், பண்ட்வால் தாலுகாவில் சஜிப மூட என்று ஒரு கிராமம். அங்கே 1949 டிசம்பரில் பிறந்தவர் கோபால்நாத். அப்பா தனியப்பா நாகசுர வித்வான். அம்மா கங்கம்மா. பையனுக்கு முதல் குரு அப்பாதான், முதல் வாத்தியமும் நாகசுரம்தான். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'கத்ரி', மங்களூரில் மஞ்சுநாதர் கோயில் இருக்கும் பகுதி.

சிறு வயதில் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழு வாசிப்பதைக் கேட்கிற வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் வளைந்து பளபளவென்று நின்ற ஒரு குழலின் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதுதான் சாக்ஸபோன். இதில் நம்முடைய சங்கீதத்தை வாசிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். முடிவு செய்ய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. வாத்தியத்தை முழுதாகத் தன் வசப்படுத்த ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று.

மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார். பிறகு சென்னைக்கு வந்தார். மிருதங்கமும் வாய்ப்பாட்டும் இரண்டும் கைவந்த டி.வி.கோபாலகிருஷ்ணன் அவருக்குக் குருவானார். சாக்ஸபோனா என்று முகம் சுளிக்காமல், இந்தப் பையனிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர்.

அந்தக் குழல் பிறந்த கதை

சாக்ஸபோனின் ஜாதகத்தைப் பார்த்தால் அது பட்ட பாடும் கொஞ்சமல்ல.

பெல்ஜியத்தில் தினான் என்ற ஊரில் 1814-ல் பிறந்தவர் அடால்ஃப் சாக்ஸ். வாத்தியம் செய்கிற குடும்பம். சின்ன வயதில் மாடியிலிருந்து விழுந்தார், குண்டூசியை விழுங்கினார், அமிலம் கலந்த தண்ணீரைக் குடித்தார் என்று அவரைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. இது தங்காத பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்களாம். அந்தப் பிள்ளை 1842-ல் பாரீஸுக்குப் போய், தன் பெயரையே சூட்டிய புதுக் குழலுக்கு 1846-ல் பிரான்சில் காப்புரிமை வாங்கியது.

பித்தளையின் பலமும் மரக்குழலின் குழைவும் ஒரே வாத்தியத்தில் வேண்டும் என்பது அவருடைய யோசனை. பிரெஞ்சு ராணுவ பேண்டுகள் அதை எடுத்துக்கொண்டன. மற்ற வாத்தியம் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வழக்கு மேல் வழக்கு போட்டார்கள். சாக்ஸ் மூன்று முறை திவாலானார். 1894-ல் பாரீஸில் இறந்தபோது கையில் பெரிதாக எதுவும் இல்லை. தன் குழல் கடல் கடந்து அமெரிக்கா போய், கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் ராஜாவாக உட்காரப்போவதை அவர் பார்க்கவில்லை. மைசூர் அரண்மனைக்கும் போடிக்கும் போகும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பித்தளை... ஆனாலும் மரக்குழல் ஜாதி!

இங்கே ஒரு சுவாரசியம். உடம்பு பித்தளையாக இருந்தாலும் சாக்ஸபோனை இசை உலகம் மரக்குழல் வகையில்தான் சேர்க்கிறது. காரணம், அதன் வாயில் இருக்கிற நாணல் துண்டு. ஊதும்போது அதிர்வது அந்த நாணல்தான். உலகத்தின் நல்ல சாக்ஸபோன் நாணல்களில் பெரும்பகுதி, பிரான்சின் தெற்கே வார் என்ற பகுதியில் விளைகிறது.

நம் நாகசுரமும் நாணலில்தான் பேசுகிறது. கொறுக்கைத் தட்டையில் செய்கிற சீவாளி இல்லாவிட்டால் அது வெறும் மரக்கட்டை. சாக்ஸபோனில் ஒற்றை நாணல், சீவாளியில் இரட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து செய்கிற நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கலாம்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாகசுரம் மேலே குறுகி, கீழே போகப் போக விரியும். சாக்ஸபோனும் அப்படியே. கிளாரினெட் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அகலம். கூம்பாக விரிகிற குழலில் ஊதலை அழுத்தினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். நாகசுரம் பழகியவருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே மூச்சில் பதிந்திருக்கும். திறந்தவெளியில், மைக் இல்லாமல், கோயில் வீதி முழுக்கக் கேட்கிற கனமும் இரண்டுக்கும் உண்டு. நாகசுர வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு சாக்ஸபோன் சத்தம் கேட்டதும் உள்ளே ஏதோ அசைந்ததென்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இருபது வருடம் எதற்கு?

அப்படியானால் இருபது வருடம் ஏன்?

நாகசுரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள். எல்லாம் திறந்த துளை. விரலைப் பாதி எடுக்கலாம், கால்வாசி எடுக்கலாம், வழுக்கலாம், நடுங்க விடலாம். உதட்டை அழுத்தித் தளர்த்தலாம். தோடி ராகத்தின் காந்தாரம் அங்குமிங்கும் அசைந்து அழுகிறதே, அந்தக் கமகம் இப்படித்தான் வருகிறது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றைக்கும் பேசுகிறோம் என்றால், அந்த அசைவுக்காகத்தான்.

சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட மூடிகள். விரல் சாவியை அழுத்தினால் மூடி மூடும், விட்டால் திறக்கும். பாதித் திறப்பு என்ற பேச்சே சுலபத்தில் நடக்காது. மாடிப்படி மாதிரி ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்கக் கட்டிய வாத்தியம் அது. கர்னாடக சங்கீதமோ படிகளுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் வாழ்கிறது.

கோபால்நாத் அந்த நடு இடத்தை உதட்டாலும் நாக்காலும் தொண்டையாலும் மூச்சாலும் பிடித்தார். விரலில் செய்ய முடியாததை வாய்க்குள் செய்தார். சாவிகளுக்கு அடியில் இருக்கிற தோல் மெத்தைகளை மாற்றுவது உட்பட, குழலிலும் தன் வசதிக்குச் சில திருத்தங்கள் செய்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில இடங்களில் நாகசுரமோ என்று சந்தேகம் வரும். அப்பாவிடம் கற்றது எங்கேயும் போய்விடவில்லை என்று அர்த்தம்.

அந்நிய வாத்தியம் என்று அவரை ஒதுக்கியவர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்தலாம். கச்சேரி மேடையில் இன்றைக்கு வயலின் இல்லாமல் முடியுமா? அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பிறகு இருநூறு வருடத்தில் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி.நடராஜன், மாண்டலினுக்கு யு.ஸ்ரீநிவாஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு மனிதர் மூலமாகத்தான் உள்ளே வந்தது.

பம்பாயில் ஒரு ராத்திரி

1980-ல் பம்பாயில் ஜாஸ் விழா. அங்கே வாசித்த கோபால்நாத்தைக் கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஹேண்டி, அமெரிக்காவின் பேர்பெற்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். தன்னுடைய வாத்தியத்தில் தான் கேட்டே இராத ஒரு பாஷையை யாரோ பேசுகிறார்கள்! சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டு மேடையேறினார். ஒருவர் ராகத்தில் விரிக்க, இன்னொருவர் ஜாஸில் பதில் சொல்ல, அந்த ஒரு நிகழ்ச்சி கோபால்நாத்தின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

பிறகு பிராக், பெர்லின், மெக்சிகோ என்று விழா மேடைகள். பாரீஸிலும் வாசித்தார். சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கொடுத்த நாட்டுக்கே அதைக் கொண்டுபோய், நம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார் என்று சொல்லலாம். 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் 'ப்ரோம்ஸ்' இசை விழாவுக்கு அழைக்கப்பட்டார். கர்னாடக இசைக் கலைஞர்களில் அந்த அழைப்பு முதலில் வந்தது அவருக்குத்தான். 'டூயட்' வந்ததும் அதே வருடம்!

அவருடைய மேடைகளில் வயலினோடு கூட இருந்தவர் ஏ.கன்யாகுமரி. இரண்டு பேரும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுப்பதைக் கேட்க வேண்டும். பல வருடம் நீடித்த கூட்டணி அது.

அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பா கதை இன்னும் வேடிக்கை. இந்திய வம்சாவளி இளைஞர், ஜாஸ் சாக்ஸபோன் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ஒருநாள் கேலியாக ஒரு இசைத் தட்டைப் பரிசாகக் கொடுத்தார். 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்' என்று அதற்குப் பெயர். வாசித்தவர் கோபால்நாத். சிரிக்கக் கொடுத்த பரிசு தம்பியின் திசையையே மாற்றிவிட்டது. பல வருடம் கழித்து அதே கோபால்நாத்தோடு உட்கார்ந்து 'கின்ஸ்மென்' என்ற ஆல்பம் வெளியிட்டார் ருத்ரேஷ். 2008-ல் வந்தது. தலைப்புக்கு அர்த்தம், உறவுக்காரர்கள்!

பிரான்சிலும் ஒரு சினிமா

சாக்ஸபோன்காரர்களை சினிமா தூக்கிவிடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரான்சின் நீஸ் நகரில் 1937-ல் பிறந்தவர் பார்னி விலென். 1957-ல், இருபது வயதில், அமெரிக்க டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் பாரீஸில் ஒரு படத்துக்கு இசை அமைக்க வந்தபோது, கூட சாக்ஸபோன் வாசிக்கக் கூப்பிடப்பட்டார். லூயி மால் இயக்கிய படம். தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட் என்று தமிழில் தலைப்பைச் சொல்லலாம். திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே மனதில் தோன்றியதை வாசித்து, ஒரே ராத்திரியில் முடித்த இசை அது. இன்றைக்கும் ஜாஸ் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

விலென் பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனார், அங்கேயுள்ள இசையோடு தன் குழலைச் சேர்த்துப் பார்த்தார், நடுவில் பல வருடம் வெளிச்சத்தில் இல்லை. எண்பதுகளில் அவரைப் பாத்திரமாக வைத்து ஒரு சித்திரக்கதை வர, ரசிகர்கள் மறுபடி அவரைத் தேடி வந்தார்கள். 1996-ல் காலமானார். ஜாஸுக்கும் நம் சங்கீதத்துக்கும் உள்ள ஒட்டுறவு இதில் தெரியும். எழுதி வைத்ததை மட்டும் வாசிக்காமல், அந்த நிமிஷத்தில் பிறப்பதை வாசிக்கிற தைரியம் இரண்டிலும் வேண்டும்.

'டூயட்' ஒலிப்பதிவு பற்றி கோபால்நாத் பேட்டிகளில் சொன்ன கதையும் அப்படிப்பட்டதுதான். ராகம் ராகமாக வாசித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறார். இயக்குநருக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் கல்யாண வசந்தம் ராகத்தை எடுத்ததும், இதுதான், இதேதான் என்றார்களாம். அந்த ராகம்தான் எங்கள் அண்ணனை போடியில் மூன்று முறை தியேட்டருக்கு இழுத்தது.

ஏலக்காய் ஸ்டோரில் சாதகம்

அண்ணன் விடவில்லை. விடிகாலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகள் தாண்டி, ஏலத்தோட்ட வேலைக்குப் போனான். மருந்து அடித்தான். மூட்டை சுமந்தான். இரண்டு வருடக் கூலியைச் சேர்த்து, மதுரையில் பேண்டு செட்டை விட்டு விலகிய ஒருவரிடம் பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கினான். அதை வீட்டுக்குக் கொண்டுவரத் தைரியம் இல்லை.

ஏலக்காயைப் பறித்த பச்சையாக விற்க முடியாது. ஸ்டோரில் சூடு ஏற்றி உலர்த்த வேண்டும். ராத்திரி முழுக்க ஒருவர் முழித்திருந்து அடுப்பைக் கவனிக்க வேண்டும். சூடு கூடினால் காயின் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூஞ்சணம். யாரும் விரும்பாத அந்த ராத்திரி வேலையை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுப்புக்கு விறகு தள்ளுவதும், வெளியே பனியில் நின்று சரளி வரிசை ஊதுவதுமாகப் போயிற்று. அங்கே கேட்க ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்கு பஸ் ஏறி, கிளாரினெட் வாசித்த பெரியவர் ஒருவரிடம் பாடம். மற்ற நாளெல்லாம் கோபால்நாத்தின் கேசட்டுகள்தான் வாத்தியார்.

மெல்ல மெல்ல கல்யாணங்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கேதான் அப்பாவுக்கும் மகனுக்கும் உண்மையான சிக்கல் வந்தது. ஒரு கல்யாணத்தில் பெரியப்பாவுக்குக் கொடுத்த தொகையைப்போல மூன்று மடங்கு, சாயங்கால வரவேற்பில் வாசித்த அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அண்ணனுக்கு மேடையில் நாற்காலி, பின்னால் அலங்காரத் துணி, எதிரே மைக். காலையில் பெரியப்பா உட்கார்ந்தது மண்டப வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில். சாப்பாடும் கடைசிப் பந்தி.

"வாத்தியத்து மேல எனக்குக் கோவம் இல்லை தம்பி" என்று பெரியப்பா ஒரு தடவை என்னிடம் சொன்னார். "அந்த நாற்காலி மேலதான் கோவம். நாற்பது வருஷமா எனக்குப் போடாத நாற்காலியை, அந்தப் பித்தளையைக் கண்டதும் போடுறாங்க பாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கர்னாடகத்தின் கரையோர மாவட்டங்களில் கோயில், கல்யாணம் எல்லாவற்றிலும் நாகசுரம் இருந்த இடத்தில் இன்றைக்கு சாக்ஸபோன் உட்கார்ந்திருக்கிறது. கோபால்நாத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் அந்தக் குழலை எடுத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நாகசுர வீட்டுப் பிள்ளைகள். சங்கீதம் பிழைத்தது. பிள்ளைகளுக்கு வருமானமும் மரியாதையும் வந்தது. பழைய குழல் சுவரில் தொங்குகிறது. இதில் எதை லாபக் கணக்கில் எழுதுவது, எதை நஷ்டத்தில் எழுதுவது?

அண்ணனிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். "நான் இதை எடுக்காம இருந்திருந்தா நாகசுரம் வாசிச்சிருப்பேன்னு அப்பா நெனைக்கிறாரு. இல்லைடா. திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிருப்பேன். இந்தப் பித்தளைதான் என்னைய சங்கீதத்துல வெச்சுச்சு."

அக்டோபர் 11, 2019

கோபால்நாத்துக்கு 1996-ல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. 2004-ல் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டின் கலைமாமணி. மகன் மணிகாந்த் கத்ரி திரைப்பட இசையமைப்பாளர். விபூதிப் பட்டை, பெரிய குங்குமப் பொட்டு, ஜரிகை மினுமினுக்கும் ஜிப்பா, கையில் தங்க நிறக் குழல் என்று அவர் மேடையில் உட்கார்ந்தால் வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

2019 எங்கள் ஊருக்கு மறக்க முடியாத வருடம். முந்தைய வருடத்துக் கேரள வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, காய் வரத்துக் குறைந்து, ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. காய் இருந்தவர்களுக்கு யோகம். ஊரில் கல்யாணங்கள் தடபுடலாக நடந்தன. அண்ணனுக்கு ஒருநாள்கூட ஓய்வில்லை.

அந்த அக்டோபர் 11-ம் தேதி, மங்களூரில் கோபால்நாத் காலமானார் என்று டி.வி.யில் செய்தி ஓடியது. அவருக்கு வயது 69.

நான் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். பல் போன பிறகு நாகசுரம் வாசிக்க முடியாது. உதடு நிற்காது. குழலை வெல்வெட் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அண்ணன் கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரியப்பா திண்ணையிலிருந்தே கேட்டார். "யாருடா போனது?"

"கத்ரி கோபால்நாத், பெரியப்பா. சாக்ஸபோன் வாசிப்பாரே..." என்று நான் இழுத்தேன்.

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும். நாகசுரக்காரர் மகன்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அவன் என்ன பண்றான்? சும்மாவா உக்காந்திருக்கான்? எடுத்து வாசிக்கச் சொல்லு. கல்யாண வசந்தத்துல 'நாதலோலுடை'. சினிமாவுல வந்தது வேண்டாம். கீர்த்தனையை வாசிக்கச் சொல்லு."

இருபத்தைந்து வருடத்தில் அந்த வீட்டுக்குள் சாக்ஸபோன் ஒலித்ததில்லை. அண்ணன் வெளியில்தான் பழகுவான். அன்றைக்குத்தான் முதல் தடவை கூடத்தில் உட்கார்ந்து வாசித்தான். பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். பெரியப்பாவின் வலது கை தொடையில் தாளம் போட, இடது கை விரல்கள் மட்டும் இல்லாத குழலின் துளைகளை மூடித் திறந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அனுபல்லவியில அவசரப்படுற. மூச்சை வெச்சுக்கோ."

அதை அண்ணன் இன்றைக்கும் விருது வாங்கியதுபோல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது அவனுடைய கச்சேரிக்கு யார் முன்பணம் கொடுக்க வந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு நாகசுரம் வைக்க வேண்டும், அவர்களுக்கு மேடையில் நாற்காலி போட வேண்டும். சம்மதித்தால்தான் தேதி கொடுப்பான்.